எண்ணூர் ரயில்ல ஏறி காட்டுப்பள்ளி வரைக்கும்: ஒரு ஆத்தோட கடைசி மைல்கள்

கொஞ்ச நாளாவே ஒரே மாதிரி கேள்வி வந்துக்கிட்டு இருக்கு. ஆறு ஓடணும், பக்கத்துல நடக்க வழி இருக்கணும், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமா இருக்கணும், கார் கூடாது, ரயில்லயும் பஸ்லயுமே போயிட்டு சாயங்காலம் வீடு திரும்பணும். வெளிநாட்டு வீடியோக்கள்ல மலையிடுக்குக்குள்ள ஆறு ஓடுறதைப் பார்த்துட்டு, சென்னையில அப்படி ஒண்ணு உண்டான்னு கேக்கறீங்க.

மலையிடுக்கு இல்ல. மத்த எல்லாம் இருக்கு. சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயில்ல ஏறுங்க, டிக்கெட் ஒரு டீ காசுக்குள்ள முடிஞ்சிடும். எண்ணூர்ல இறங்கினா கொசஸ்தலையாறு கடலைத் தொடுற இடம். இந்தக் கழிமுகம் 1996-லயே கடலோரச் சட்டத்தோட உச்சபட்ச பாதுகாப்பு வளையத்துக்குள்ள வந்துடுச்சு. ரெண்டு பக்கமும் பாறைச்சுவர் கேட்டீங்கன்னா, அதுக்குப் பதிலா குளிர்விப்புக் கோபுரமும் சாம்பல் மேடும் நிலக்கரிக் குவியலும் இருக்கு. சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

முதல்ல ஆறு. அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு மூணுல பெரியது இதுதான், ஏறத்தாழ 136 கிலோமீட்டர். ஆந்திர எல்லைப் பக்கம் பள்ளிப்பட்டு வழியா இறங்கி, 1944-ல திறந்த பூண்டி நீர்த்தேக்கத்துல தேங்கி, மணலிக்கு வடக்கால வளைஞ்சு எண்ணூருக்கு வருது. இதோட ஒரு சின்னக் கிளை ஓடைக்கரையில அதிரம்பாக்கம்னு ஒரு கிராமம். 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங்கோட சேர்ந்து அங்க கற்கால ஆயுதங்களைக் கண்டுபிடிச்சார். சாந்தி பப்பு குழுவோட ஆய்வு, அந்த ஆயுதங்கள்ல பழசானதுக்கு 15 லட்சம் வருஷம்னு 2011-ல வயசு சொல்லிச்சு. ஆக, இந்த ஆத்தங்கரையில நடக்கறதுங்கறது நம்ம தலைமுறை கண்டுபிடிச்ச பொழுதுபோக்கு கிடையாது.

கடலுக்குப் பக்கத்துல வந்ததும் ஆறு நேரா போய் விழாது. ஒரு நீளமான மணல்திட்டு குறுக்க நிக்குது. அதுதான் காட்டுப்பள்ளித் தீவு. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. தண்ணி, சேறு, அலையாத்தி, உப்பளம் எல்லாம் கலந்து கிடக்கற நிலம். இந்த மணல்திட்டுக்குப் போற ஒவ்வொரு வழியும் ஏதோ ஒரு சரக்குக்காகப் போட்டது. ஜனங்க அந்த வழியில ஓசி டிக்கெட்ல கூடவே வந்தவங்க. இன்னைக்கு நீங்க ரயில்ல போனாலும் அப்படித்தான் போறீங்க.

சென்ட்ரல் பக்கத்துல சால்ட் கோட்டர்ஸ்னு ஒரு சரக்கு யார்டு இருக்கு. உப்புக் கிடங்கு இருந்த இடம். அந்த உப்பு வந்தது தண்ணி வழியா. பேசில் காக்ரேன்ங்கற வெள்ளைக்கார வியாபாரி 1806 வாக்குல சென்னையில இருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினார். முதல்ல அது தனியார் சொத்து, அவர் பேர்லயே காக்ரேன் கால்வாய். 1837-ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அப்புறம் வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி கிருஷ்ணா டெல்டா வரைக்கும் நீட்டினாங்க. எண்ணூர்ப் பக்கத்து உப்பு, ஸ்ரீஹரிகோட்டாவோட விறகு, சென்னைக் கட்டடங்களோட பளபளப்புச் சுவருக்கு வேண்டிய கிளிஞ்சல், எல்லாம் படகுல வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல பட்டினியில கிடந்த ஜனங்களை வச்சு அடையாறையும் கூவத்தையும் இணைக்கற சுமார் 8 கிலோமீட்டர் துண்டை வெட்டினாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேரு முழு கால்வாய்க்கும் வந்தது. வெட்டினவங்க பேரு எதுக்கும் வரல.

இந்தக் கால்வாய் நூறு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சது. படகோட்டிகள் கரையில கயிறு கட்டி இழுத்துக்கிட்டு நடப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவுல ஆத்தோரமா, கழியோரமா ஒரு தொடர்ச்சியான நடைபாதை இருந்திருக்கு. அது போட்டதென்னவோ சரக்குப் படகை இழுக்கறதுக்குத்தான். ரயிலும் லாரியும் வந்து வியாபாரத்தைப் பிடுங்கிச்சு, 1965, 66 புயல்கள் மிச்சத்தை முடிச்சு வச்சது. இன்னைக்கு நகரத்துக்குள்ள அதைத் தாண்டறப்போ ஜன்னலைச் சாத்தறோம்.

நீங்க கடற்கரை ஸ்டேஷன்ல ஏறினா ராயபுரம் வழியா போவீங்க. 1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பின ஸ்டேஷன். அதை எல்லாரும் சொல்லுவாங்க, நான் அதுக்குக் கிழக்கே இருக்கற கடலைப் பத்திப் பேசறேன். நம்ம கடற்கரையில வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தா அலை மணலைத் தெற்குல இருந்து வடக்கே தள்ளுது. 1870-கள் கடைசியில சென்னைத் துறைமுகத்துக்கு கடலுக்குள்ள கல்சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. மணல் சுவருக்குத் தெற்கே மாட்டிக்கிச்சு, மெரினா அகலமாச்சு. வடக்கே மணல் வரத்து நின்னுடுச்சு, ராயபுரம், திருவொற்றியூர்க் கரையை கடல் தின்ன ஆரம்பிச்சது. அங்க போட்டிருக்கற கருங்கல் தடுப்பெல்லாம் அந்தக் கணக்கோட பாக்கி. இதை ஞாபகம் வச்சுக்கங்க, காட்டுப்பள்ளியில மறுபடியும் தேவைப்படும்.

திருவொற்றியூர் தாண்டினா விம்கோ நகர். ஒரு தீப்பெட்டிக் கம்பெனியோட பேரு ரயில் ஸ்டேஷனுக்கு வந்து, 2021-ல மெட்ரோ ஸ்டேஷனுக்கும் வந்துடுச்சு. சென்னையையும் விஜயவாடாவையும் இணைச்ச இந்தத் தடம் 1899-ல முடிஞ்சது. சுதந்திரத்துக்கு அப்புறம் இதை ஒட்டியே தொழிற்சாலைகள் வரிசையா வந்தது. எண்ணூர்ல அசோக் லேலண்ட், 1955-ல திருவொற்றியூர்ல என்ஃபீல்ட், மணலியில சுத்திகரிப்பு ஆலை. ஷிஃப்டுக்குப் போற தொழிலாளிங்க இதே ரயில்லதான் தொங்கிக்கிட்டுப் போனாங்க.

இங்க ஒரு சின்னக் கிளைக்கதை. இங்கிலாந்துல மான்செஸ்டர்னு ஒரு ஆலை நகரம். அதுக்குப் பக்கத்துல கிண்டர் ஸ்கவுட்னு ஒரு மேட்டு நிலம், பணக்காரங்க பறவை வேட்டைக்கு வேலி போட்டு வச்சது. 1932 ஏப்ரல் 24-ல சில நூறு இளம் தொழிலாளிங்க, தடையை மீறி அதுமேல ஏறி நடந்தாங்க. முன்னால நின்ன பென்னி ராத்மேனுக்கு 20 வயசு, நாலு மாசம் ஜெயில். 1949-ல தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951-ல அந்த நாட்டோட முதல் தேசியப் பூங்காவுல அதே மேடு சேர்ந்தது. வாரம் ஆறு நாள் ஆலைப் புகையில நின்னவங்க ஏழாவது நாள் நடக்க இடம் கேட்டாங்க, அது அரசியல் கோரிக்கையா மாறிச்சு. நம்ம வடசென்னைத் தொழிலாளிங்களும் அதே மாதிரி புகை, அதே மாதிரி ரயில். ஆனா ஞாயித்துக்கிழமை நடக்கறதுக்குன்னு ஊர் அவங்களுக்குக் கை காட்டின இடம் மெரினாதான். எண்ணூர் கழிமுகம் நகரத்துக்காரங்களோட மனசுல ஒரு இடமாவே பதியல. அதோட விலையை எப்படிக் கொடுத்தோம்னு கொஞ்ச நேரத்துல வரும்.

ஒரு காலத்துல பதிஞ்சிருந்தது, அதுவும் யாருக்குன்னா கம்பெனி வெள்ளைக்காரங்களுக்கு. எண்ணூர் ஏரிக்கரையில பங்களா கட்டி, வாரக்கடைசிக்கு வந்து படகு விட்டு மீன் தின்னுட்டுப் போவாங்க. இன்னைக்கு யாராவது எண்ணூருக்கு ரிசார்ட் போறேன்னு சொன்னா நண்பர்கள் நெத்தியில கை வச்சுப் பார்ப்பாங்க.

சரி, எண்ணூர்ல இறங்கியாச்சு. வடகிழக்கால நடந்தா ஆத்தங்கரைக் குப்பங்கள் வரும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம். காலையில போனா வலை உதறிக்கிட்டு இருப்பாங்க. மடவை, கொடுவா, நண்டு, இறால். இருளர் குடும்பங்கள் கழுத்தளவு தண்ணியில உக்காந்த மாதிரி நகர்ந்து, சேத்துல கையால தடவி இறால் பிடிப்பாங்க, பிடிச்சதைப் போடற ஓலைப் பறியை வாயில கவ்வியிருப்பாங்க. வலை, படகு எதுவும் கிடையாது, விரல்தான் கருவி. சேத்துக்கு மேல சாம்பல் ஒரு அடுக்கு படிஞ்சா முதல்ல தெரியறது அந்த விரலுக்குத்தான்.

சாம்பல் எங்கிருந்து வந்தது? 1970-ல கத்திவாக்கம் பக்கம் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது, 2017-ல மூடினாங்க. 1994-ல ஆத்துக்கு வடகரையில வடசென்னை அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. நிலக்கரி எரிச்ச சாம்பலை தண்ணியோட கரைச்சு, குழாய்ல செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்பறாங்க. குழாய் போறது ஆத்தையும் கழியையும் ஒட்டி. குழாய் ஒழுகும், சாம்பல் ஆத்துல இறங்கும். வருஷக்கணக்கா இது நடந்தது. மீனவங்க பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாங்க. 2022 ஜூலையில தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, ஆத்தைச் சுத்தப்படுத்தச் சொல்லிச்சு. நிலக்கரி இறக்கத்தான் 2001-ல எண்ணூர் துறைமுகமும் வந்தது. இப்போ அதுக்குக் காமராஜர் துறைமுகம்னு பேரு.

இப்போ நான் ரொம்ப நாளா பேசணும்னு வச்சிருந்த விஷயம், மேப். 1991 பிப்ரவரியில மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை போட்டது. அலை ஏறி இறங்கற நிலம், அலையாத்திக் காடு, கழிமுகம் மாதிரியான இடங்களுக்கு முதல் வகைப் பாதுகாப்பு. சில விலக்குகளைத் தவிர அங்க கட்டடம், நிரப்பல் எதுவும் கூடாது. எந்த இடம் எந்த வகைன்னு மாநிலங்கள் வரைபடம் போட்டுத் தரணும். தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு 1996 செப்டம்பர்ல டெல்லி ஒப்புதல் கொடுத்தது. அந்த வரைபடத்துல எண்ணூர் கழிமுகமும் அதைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான ஏக்கர் ஈரநிலமும் தெளிவா முதல் வகை.

2017-ல ஆர்வலர்கள் தகவல் உரிமைச் சட்டத்துல மாநில அதிகாரிகள்கிட்ட வரைபடம் கேட்டாங்க. கைக்கு வந்தது வேற ஒண்ணு. 2009 தேதி போட்டது, அதுல கழிமுகமே காணோம். ஆறு இருந்த இடத்துல வெறும் தரை. மத்திய அமைச்சகத்துக்கிட்ட தனியா கேட்டப்போ, ஒப்புதல் கொடுத்தது 1996 வரைபடத்துக்குத்தான்னு பதில் வந்தது.

என் தொழில்ல இதுக்கு ஒரு பேரு உண்டு. யாரோ புரொடக்‌ஷன்ல வேற வெர்ஷனை ஏத்திட்டாங்க, கமிட் யார் போட்டதுன்னு தெரியல, என்ன மாத்தினோம்னு குறிப்பு இல்ல, ரிவ்யூ இல்ல. சாஃப்ட்வேர்ல இப்படி ஆச்சுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்கும். இங்க எட்டு வருஷம் யாருக்கும் போன் அடிக்கல. கிண்டர் ஸ்கவுட் கதையை நான் சொன்னது இதுக்குத்தான். வாரம் பத்தாயிரம் பேர் வந்து நடக்கற ஒரு ஆத்தை மேப்புல இருந்து எடுக்க எந்த அதிகாரிக்கும் கை வராது. தினமும் அந்தத் தண்ணியில நின்னவங்க மீனவங்களும் இருளர்களும் மட்டும்தான். அவங்க கத்தினது ஊருக்குள்ள கேட்கறதுக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதின 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூர்ல படமாச்சு. புறம்போக்குன்னா வரிக் கணக்குக்கு வெளியில வச்ச நிலம். குளம், மேய்ச்சல், ஆறுன்னு எல்லாருக்கும் பொதுவானது. அதை நாம வசவா மாத்தி வச்சிருக்கோம்.

எண்ணூர்ல இருந்து ரயில்லயே இன்னும் ஒரு ஸ்டேஷன் போங்க, அத்திப்பட்டு புதுநகர். ரயில் கொசஸ்தலையாத்தைத் தாண்டற அந்த சில நொடிகள், என் கணக்குல இந்தப் பாதையிலேயே சிறந்த காட்சி. வலதுபக்க ஜன்னலைப் பிடிங்க. அங்கிருந்தோ மீஞ்சூர்ல இருந்தோ காட்டுப்பள்ளிப் பக்கம் பஸ், ஷேர் ஆட்டோ கிடைக்கும். நம்பர் சொல்ல மாட்டேன், மாறிக்கிட்டே இருக்கும், ஸ்டேஷன் வாசல்ல கேளுங்க. ரோட்டுல உங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் கன்டெய்னர் லாரிதான்.

காட்டுப்பள்ளியில எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தப்போ கரையில இருந்த மீனவக் குப்பத்தை இடம் மாத்தினாங்க. துறைமுகம் 2013-ல செயல்பட ஆரம்பிச்சது, 2018-ல அதானி குழுமம் வாங்கிச்சு. இங்கதான் ராயபுரத்து மணல் கணக்கு திரும்ப வருது. துறைமுகச் சுவருக்கு வடக்கே கரை அரிக்குது. ஆனா இங்க இருக்கறது ஒல்லியான ஒரு மணல்திட்டு. கடலையும் பழவேற்காட்டுக் கழியையும் பிரிக்கறது அது ஒண்ணுதான். அடுத்ததா 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கரா விரிக்க ஒரு திட்டம், அதுல ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலை நிரப்பி எடுக்கறது. 2021 ஜனவரியில வெச்சிருந்த பொதுக்கருத்துக் கேட்பு தள்ளிப்போச்சு, 2023 செப்டம்பர்ல வெச்சதும் தள்ளிப்போச்சு. கொசஸ்தலையாத்து வெள்ளம், பூண்டி உபரி, எல்லாம் இந்த உப்பங்கழியில பரவித்தான் கடலுக்குப் போகணும். பரவ இடம் குறைஞ்சா தண்ணி மணலிக்கும் மீஞ்சூருக்கும் திரும்பும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மணலி ஆலைப் பகுதியில இருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா இந்த முகத்துவாரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அலையாத்தி வேர்லயும் கூழைக்கடா இறக்கையிலயும் கறுப்பா ஒட்டிக்கிச்சு. காக்ரேன் வெட்டின அதே வழி.

துறைமுக வாசலுக்கும் மின்நிலையத்துக்கும் உள்ள போக அனுமதி கிடையாது, கேமராவைத் தூக்காதீங்க. வடக்கே காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம்னு ஊர்கள் வழியா பழவேற்காடு வரைக்கும் ரோடு இருக்கு. கழி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைகள் முட்டையிட வர்ற கரை இது, மணல்ல பார்த்து கால் வைங்க. பழவேற்காட்டுல 1613-ல டச்சுக்காரங்க கட்டின கெல்ட்ரியா கோட்டையோட இடமும் அவங்க கல்லறைத் தோட்டமும் இருக்கு, ஒரு மணி நேரம் போதும். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஏரியில நடக்கற பாடு முறை. எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாள், எந்த இடத்துல வலை விடணும்னு முறை வச்சுப் பங்கு போட்டுக்கறாங்க. நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்ல, சுத்தி வரும். நாங்க காலேஜ்ல ரவுண்ட் ராபின்னு பரீட்சைக்குப் படிச்சதை அவங்க பல தலைமுறையா ஏரி மேல ஓட்டிக்கிட்டு இருக்காங்க. கழி சுருங்கினா முறை வைக்க இடம் இருக்காது, அப்போ ஊருக்கும் ஊருக்கும் சண்டை வரும்.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போங்க, வெயிலும் கம்மி, பூநாரையும் இருக்கும். தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி, சேத்துல போனா பரவாயில்லைங்கற செருப்பு. குப்பத்துல யாரையாவது படம் எடுக்கணும்னா முதல்ல பேசுங்க, அப்புறம் கேளுங்க. முகத்துவாரத்துல குளிக்க இறங்காதீங்க, இழுப்பு பலமா இருக்கும். மீன் வாங்கறதா இருந்தா கரையிலேயே வாங்கிடுங்க. திரும்பறதுக்குப் பழவேற்காட்டுல இருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு மின்ரயில். இந்தத் தடவை ஆறு இடதுபக்க ஜன்னல்ல வரும்.